இருமுகிற பேய்

என் சலேத்தம்மாவுக்கு, நீங்கள் மண்ணுக்குள் போன பிறகும் உங்களிடம் சொல்லாமல் எதையும் செய்யத் தெரியாத ரெங்கநாயகி எழுதுகிறேன்.

நீங்கள் புத்தூர் ஆஸ்பத்திரியில் கண்மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது. உங்கள் வேலையைத்தான் இப்போது நானும் பார்க்கிறேன். குழந்தையை அடிக்கிறார்கள், பட்டினி போடுகிறார்கள் என்று புகார் வந்தால் அந்த வீட்டுக்குப் போய், குழந்தையை அங்கே விட்டுவைக்கலாமா என்று பார்த்துச் சொல்கிற வேலை. இன்றைக்கு அது என்னை எங்கே கொண்டுவந்து உட்கார்த்தியிருக்கிறது தெரியுமா? ஸ்ரீரங்கத்தில், என் பெரியப்பா குடியிருந்த வீட்டுக்கு எதிர்வீட்டு வாசற்படியில். பெரியப்பா இருந்த அந்த வீட்டுக் கதவில் இப்போது பூட்டுத் தொங்குகிறது. போலீசுக்கு ஆள் போயிருக்கிறது. வருகிறவரை இதை எழுதுகிறேன்.

அம்மா செத்ததும் அப்பா என்னைத் திருவெள்ளறையிலிருந்து கூட்டிவந்து இங்கேதான் விட்டார். பெரியப்பாவுக்கு மலைக்கோட்டையில் துணிக்கடை, பிள்ளை கிடையாது. மகளாக வளர்ப்பார்கள் என்று அப்பா நம்பினார். பெரியம்மா வைத்த சூடு ஒருநாள் எதிர்வீட்டுச் செல்லம்மா அத்தையின் கண்ணில் பட்டுவிட்டது. மறுநாளே, "அவளை ஊருக்கு அனுப்பிட்டோம்" என்று தெருவெல்லாம் சொல்லியாயிற்று. நான் விறகு அறைக்குள் போனேன். விடியுமுன் வேலை செய்ய வெளியே விடுவார்கள், தெரு விழிப்பதற்குள் உள்ளே தள்ளித் தாழ் போடுவார்கள்.

அழுகைச் சத்தம் மட்டும் தாழுக்கு அடங்கவில்லை. கேட்டவர்களிடம் பெரியம்மா என்ன சொன்னாள் என்பது உங்களுக்குத் தெரியும். "அவ ஆத்தா பேயா வந்து பிள்ளையைத் தேடி அழுவுறா." தெரு நம்பியது. வேப்பிலை கட்டினார்கள். விளக்கு வைத்ததும் பிள்ளைகளை உள்ளே அழைத்துக்கொண்டார்கள். கூத்து என்னவென்றால், உள்ளே இருந்த நானும் நம்பினேன். அழுகையைப் பாதியில் நிறுத்திவிட்டு, அம்மாவின் சத்தம் கேட்கிறதா என்று காதைக் கதவில் வைத்துக்கொள்வேன். நான் நிறுத்தினால் அவளும் நிறுத்திவிடுகிறாளே என்று ஏங்கியிருக்கிறேன்.

வேறொரு வீட்டு விஷயமாக இந்தத் தெருவுக்கு வந்த உங்களிடம் செல்லம்மா அத்தை பேய்க் கதையாகத்தான் இதைச் சொன்னார். நீங்கள் சிரிக்கவில்லையாம்.

"அழுறதைத் தவிர வேற என்னங்க பண்ணுது அந்தப் பேய்?"

"இருமுதுங்க."

"இருமுற பேயை நான் கேள்விப்பட்டதே இல்லீங்களே" என்று எழுந்தவர், உடனே கதவைத் தட்டிவிடவில்லை. தட்டினால் நாலு நல்ல வார்த்தை சொல்லி அனுப்பிவிடுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். மறுநாள் கிருஷ்ண ஜெயந்தி. யார் வந்தாலும் பலகாரம் கொடுக்காமல் அனுப்பாத நாள். அன்றைக்கு வந்தீர்கள்.

வாசலிலிருந்து பூஜை அலமாரிவரை மாவால் சின்னச் சின்னக் கண்ணன் பாதங்கள். பிள்ளை இல்லாத வீட்டுக்குள் ஒரு பிள்ளை நடந்து போயிருந்தது. நீங்களோ ஒன்றும் தெரியாத பாப்பாவாக முகத்தை வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தீர்கள். விறகு அறைக் கதவுக்குப் பின்னாலிருந்து நான் கேட்டது பாதி, பின்னால் நீங்கள் சொன்னது பாதி.

"நாங்க வேதக்காரங்க, சர்ச்சுக்குப் போறவங்க, எங்க வீட்ல இது பழக்கமில்லீங்க. எவ்வளவு அழகா இருக்கு! யார் போட்டது?"

"நான்தாங்க. இந்த வீட்ல வேற யாரு இருக்கா?"

"எப்படிப் போடுறதுன்னு ஒண்ணே ஒண்ணு போட்டுக் காட்டுங்களேன்."

பெரியம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. கையை மூடி, மாவில் தோய்த்து, கடைசிப் பாதத்துக்குப் பக்கத்தில் பதித்தாள். விரல் நுனியால் ஐந்து பொட்டும் வைத்தாள். பிறகு அவளே அதைப் பார்த்தாள். மற்றதெல்லாம் அதில் பாதிகூட இல்லை. மற்றதெல்லாம் அன்றைக்கு விடியுமுன் என் கை போட்டது.

"வாசல்ல சின்னப் பிள்ளையா இருந்த கண்ணன் இங்க வந்ததும் வளர்ந்துட்டானா? மத்ததெல்லாம் யார் கைங்க?"

அதற்குள் எனக்கு இருமல் வந்தது. அடக்கத்தான் பார்த்தேன், சத்தியமாக. நீங்கள் நேரே விறகு அறைக் கதவுக்கு வந்தீர்கள். "யாரும்மா உள்ள? பயப்படாத. நான் இங்கதான் இருக்கேன். நீ வெளிய வராம நான் போகமாட்டேன்" என்றீர்கள். அம்மாதான் வந்துவிட்டாள் என்று நினைத்தேன். இன்றுவரை அந்த நினைப்பை முழுக்க மாற்றிக்கொள்ளவில்லை.

பிறகு அப்பா அழுதுகொண்டு வந்தார், தன்னோடு அனுப்பச் சொன்னார். நீங்கள் திருவெள்ளறைக்குப் போனீர்கள். அடுப்பு எரிகிறதா, நான் எங்கே படுப்பேன், அப்பா வயலுக்குப் போனால் யார் துணை என்று எல்லாம் பார்த்தீர்கள். எல்லாம் சரியாகவே இருந்தது. கிளம்பும்போது ஒன்று கேட்டீர்கள்: "நாளைக்கு உங்க அண்ணன் வந்து பிள்ளையைக் கேட்டா என்ன சொல்லுவீங்க?" அப்பா தரையைப் பார்த்தார். அண்ணனிடம் மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வராது. அதனால்தான் நான் விடுதியில் வளர்ந்தேன். அப்போது உங்கள்மேல் எனக்குக் கொள்ளைக் கோபம். நல்ல அப்பாவிடமிருந்து ஏன் பிரித்தீர்கள்? நல்லவராக இருந்தால் மட்டும் போதாது என்று புரிய எனக்கு இத்தனை வருஷம் ஆயிற்று.

சரி, இன்றைய சேதிக்கு வருகிறேன். பக்கத்துத் தெரு வேலை முடிந்து, செல்லம்மா அத்தையைப் பார்க்க எட்டிப்பார்த்தேன். கிழவிக்குப் பார்வை மங்கிவிட்டது. நான் என் அம்மா ஜாடையாம். படியேறியதும் முகம் வெளுத்து, குனிந்து என் காலைத்தான் முதலில் பார்த்தார். பேய்க்குக் கால் கிடையாதே!

"அத்தை, நான் ரெங்கநாயகி. கால் இருக்கு, பாருங்க."

தொட்டுப் பார்த்துவிட்டு அழுதார். பிறகு எதிர்வீட்டைக் காட்டிக் குரலைத் தாழ்த்தினார். "உங்க பெரியப்பா காலி பண்ணிட்டுப் போய் வருஷமாச்சு. இப்ப புதுசா ஒரு புருஷன் பொண்டாட்டி. பிள்ளை கிடையாது. ஆனா உங்க ஆத்தா இன்னும் போகலடி. கொஞ்ச நாளா மறுபடியும் அழுவுறா."

இங்கே நான் நிற்கிறேன். அங்கே அழுவது யார்?

"அத்தை, இருமுதா?"

அவர் தலையாட்டினார்.

போய்ப் பார்த்தேன். கதவில் பூட்டு. வீட்டுக்காரர்கள் வெளியே போயிருக்கிறார்கள். ஜன்னலெல்லாம் அடைத்திருக்கிறது. கதவில் காதை வைத்தேன். முன்பு உள்ளேயிருந்து வைத்த அதே காது. ஒன்றும் கேட்கவில்லை. யாரோ அழுகையை நிறுத்திவிட்டு, வெளியே சத்தம் கேட்கிறதா என்று பார்க்கிற மாதிரி அப்படியொரு அமைதி.

ஒருவேளை யாருமே இல்லையோ, சலேத்தம்மா? கிழவியின் பிரமையோ? அப்படியானால், போலீசுக்கு ஆள் அனுப்பியதற்காகத் தெரு என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும். பேய் என்று யார் சொன்னாலும் நான் போய்ப் பார்ப்பேன்.

இதோ, இருமல். சின்ன இருமல், அடக்கப் பார்த்து அடங்காத இருமல். எழுந்து போகிறேன். அந்தக் கதவில் வாயை வைத்து, நீங்கள் எனக்குச் சொன்னதைச் சொல்லப்போகிறேன். அந்தப் பிள்ளை வெளியே வராமல் நான் போகமாட்டேன்.

நீங்கள் பெறாமல், ஒரு கதவைத் திறந்து எடுத்த மகள்,
ரெங்கநாயகி