தானாக வந்த பறவைகள்

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு நான் நலம். இருமல் விட்டுவிட்டது. அத்தானுடைய முட்டிவலி எப்படி இருக்கிறது? நீ அனுப்பிய ஸ்வெட்டர் கைதான் கொஞ்சம் நீளம், மடித்துவிட்டுப் போட்டுக்கொள்கிறேன்.

குருவி எண்ணவா உன்னைப் படிக்கவைத்தேன் என்று கேட்டிருந்தாய். அந்தக் குருவிகளால்தான் மண்டை குழம்பிக் கிடக்கிறேன். கடற்பறவைகளைத் தவிர வேறெதுவும் இல்லாத இந்தத் தீவில், இரண்டு வருடம் முன்பு புயல் ஓய்ந்த வாரம் பதினொரு சில்லைக் குருவிகளைப் பார்த்தேன் என்று எழுதினேனே. கரையிலிருந்து நாற்பது மைல் காற்று தள்ளிக்கொண்டு வந்திருக்கிறது என்றே நினைத்தேன். மறு வருடம் நான்குதான் மிஞ்சின. போன மாதம் கிணற்றடிப் புதரில் ஒரு கூடு. உள்ளே ஐந்து குஞ்சுகள்.

சந்தோஷம் தாங்காமல், சாமான் கொண்டுவரும் படகுக்காரரை இழுத்துப்போய்க் காட்டினேன். அவர் கூட்டைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அம்மா, நீங்க மொதல்ல பாத்த குருவிங்கள்ல ரெண்டு தானா வரல. என் வீட்டுக்காரி வளத்தது. அவ போனப்புறம் அந்தச் சத்தத்த வீட்டுல கேக்க முடியல. இங்க கொண்டாந்து கூண்டத் தொறந்துட்டேன்."

அதுவும் புயல் ஓய்ந்த அதே வாரம். காற்றில் வந்தவை என்றால் காப்பாற்ற வேண்டும், மனிதர் கொண்டுவந்தவை என்றால் பிடித்து அகற்ற வேண்டும் என்பது, என்னைப் பறவை எண்ண அனுப்பிய அலுவலகத்தின் விதி. இந்தக் குஞ்சுகள் யார் பிள்ளைகள்? மூன்று நாள் புதரடியில் உட்கார்ந்து பார்த்தும் கண்டுபிடிக்க முடியவில்லை. எல்லாம் ஒரே பழுப்பு. அவற்றுக்கே தெரியுமோ என்னவோ.

மறைத்துவிடலாமா என்று அவரிடமே கேட்டேன். பொய் சொல்லி அதுங்க பொழைக்க வேணாம், எழுதுங்க என்றார். அலுவலகத்துக்கு எழுதிவிட்டேன். இரண்டு விடப்பட்டவை, ஒன்பது பறந்துவந்தவை, பிரித்தறிய முடியவில்லை, தயவுசெய்து பிடிக்க வேண்டாம் என்று. அந்த உறையும் இந்தக் கடிதமும் அவர் படகில்தான் வருகின்றன. செய்தது சரியா என்று இன்னும் தெரியவில்லை.

என் வேலை ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது. இன்னும் மூன்று வருடம் இருப்பாயா என்று கேட்கிறார்கள். நீயோ எனக்காக மாடி அறைக்கு வெள்ளையடித்து வைத்திருப்பதாக எழுதுகிறாய். இரண்டையும் படித்துவிட்டு ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

கோபித்துக்கொள்ளாதே அக்கா. திட்ட வேண்டுமானால் நாலு பக்கம் திட்டி எழுது. வா என்று மட்டும் எழுதிவிடாதே. நீ கூப்பிட்டால் வந்துவிடுவேன்.

உன் கையால் தலைவாரி நீ வளர்த்த
தங்கை