கழற்றி வைத்த கொடி

ஜனவரி 10, வெள்ளி. ஷார்ஜா

இருக்கையை இன்னும் இரண்டு விரல் கீழே இறக்கினேன். இப்போது இந்த மோட்டார் சைக்கிளில் உட்கார முடியாது, காற்று தடுக்காமல் பெட்ரோல் மிச்சமாகப் படுத்துக்கொண்டு ஓட்ட வேண்டும். படகு கட்டும் இடத்தில் ஃபைபர் வேலை பார்க்கும் மணிமாறன்தான் மேல்கூடு வார்த்துக் கொடுத்தான். கூடு அவன் முதுகளவுக்கு வார்த்தது, அதனால் ஓட்டுவதும் அவன்தான். ஷஹீரா பார்த்துவிட்டு, "இதென்னங்க, சக்கரம் வச்ச கட்டிலா?" என்றாள். என் பெண்டாட்டிக்கு வாய் நீளம்.

ஜனவரி 24

லிட்டருக்கு எழுபத்தொரு கிலோமீட்டர். எண்பது வராமல் விடமாட்டேன்.

ஜனவரி 30

பாலைவனத்தில் ஓடும் வண்டிகளுக்குக் கட்டுவதுபோல, நீளக் கம்பியில் ஆரஞ்சுக் கொடி கட்டியிருந்தான் மணி. காற்றைப் பிடித்து இழுக்கிறது, கழற்று என்றேன்.

"கொடி இல்லன்னா நான் இருக்கறதே யாருக்கும் தெரியாது பாய்."

"நாளைக்கு ஓட்டிப் பாக்கற பண்ணை ரோட்டுல யாருடா வரப்போறா? நான் மட்டுந்தானே பின்னாடி பிக்கப்புல வாரேன்."

கழற்றிவிட்டான்.

ஜனவரி 31

மணியை நான்தான் இடித்தேன். நான்தான். அந்த ரோட்டில் வேறு ஒருவரும் இல்லை.

பிப்ரவரி 1

தைத் ஊர்ப் பக்கம், என் முதலாளியின் பண்ணை ரோடு. வளைவில் மணி ஓட்டிய வண்டி கோடு போட்டதுபோல் திரும்பியது, துளி ஆட்டமில்லை. சந்தோஷத்தில் பிக்கப்பைப் பக்கத்தில் கொண்டுபோய் முந்தப் பார்த்தேன். இடப்பக்கம் ஒட்டகம் ஒன்று ரோட்டில் ஏறியது. வலப்பக்கக் கண்ணாடியைப் பார்த்தேன், வெறும் ரோடு. அந்தப் பக்கமே ஒடித்தேன். சத்தம்.

அங்குலம் அங்குலமாக நான் வரைந்த வண்டி! கண்ணாடியில் காணோம் என்றதும் ரோட்டிலும் இல்லை என்று எப்படி நம்பினேன்? ச்சே, என்ன மனுஷன் நான்?

மணிக்கு இடது கால் இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது. உயிர் இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். போலீசில் உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 6

மணியின் மனைவி பானுப்பிரியா பெரம்பலூரிலிருந்து போன் செய்தாள். "மணல்ல சறுக்கிருச்சுன்னு சொல்றாருண்ணே. பின்னாடி நீங்க வந்ததாலதான் பொழைச்சாராம். நீங்க நல்லா இருக்கணும்ணே."

அவன் அப்படிச் சொல்லிவைத்திருக்கிறான். சரிம்மா என்று மட்டும் சொன்னேன்.

பிப்ரவரி 7

பானுப்பிரியாவிடம் சொல்லிவிட்டேன். போனை வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 18

மணி ஊன்றுகோலோடு பட்டறைக்கு வந்தான். வண்டியை வெட்டிப் போடப்போகிறேன் என்றேன்.

"சும்மா இருங்க பாய். ஒரு தடவ நீங்க அதுல படுங்க."

வாசலில் நின்ற பிக்கப்புக்குப் பக்கத்தில் தள்ளிக்கொண்டுபோய்ப் படுத்தேன். அவன் மெல்ல ஏறி டிரைவர் இருக்கையில் உட்கார்ந்தான். என் கண்ணெதிரே டயரின் நட்டுகள். கழுத்தைத் திருப்பி, கண்ணாடியில் அவன் முகத்தைத் தேடினேன். வானம்தான் தெரிந்தது.

"பாய், இருக்கீங்களா?"

"இருக்கேன்டா" என்று கையைத் தூக்கி ஆட்டினேன்.

மேலே இருந்து மறுபடியும் கேட்டான். "பாய்? கண்ணாடில வெறும் ரோடுதான் தெரியுது."