தும்பி இல்லாத குளம்

ஒக்டோபர் 12, ஞாயிறு. அம்மருட்.

இன்று ரொம்மனில், இந்த வெளிநாட்டில் வாழும் எங்கள் தீவுக்காரரின் ஊர்ச்சங்கக் கூட்டம். ஊரில், எங்கள் தீவில், சங்கத்தின் காசில் நாங்கள் திருத்திக் கொடுத்த குளத்தைத் திரையில் காட்டினார்கள். அடியும் கரையும் சீமெந்து. எல்லோரும் கைதட்டினார்கள். நான் தும்பியைத் தேடினேன். ஒன்றுகூட இல்லை.

இங்கே ஆற்றுப் பூச்சிகளைப் பார்த்துத் தண்ணீரின் நலத்தைச் சொல்வது என் வேலை. எழுந்து சொன்னேன்: சேறும் புல்லும் இல்லாமல், நுளம்புப் புழுவைத் தின்னும் தும்பிப் புழு வளராது, நுளம்பும் அது பரப்பும் காய்ச்சலும் பெருகும், மழைநீர் மண்ணுக்குள் இறங்காது, பக்கத்துக் கிணறுகள் உவராகிவிடும்.

"பூச்சி புழு இல்லாட்டி நல்லதுதானே பிள்ளை?" என்றார் தலைவர். மண்டபமே சிரித்தது.

அடுத்து சீமெந்து போடப்போகும் குளம் எங்கள் வீட்டுச் செலவில், அப்பாவின் ஆண்டுத்திவசத்துக்கு, அவர் பெயரில். அம்மா எப்போதோ ஓம் சொல்லிவிட்டார். கூட்டம் முடிந்து இருவரும் திரும்பி வரும்போது ரயிலில் அம்மாவுக்கு எல்லாவற்றையும் மறுபடி விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். அப்பா போனபிறகு இன்றுதான் அவர் முகம் தெளிந்திருந்தது.

"அதெல்லாம் சரி பிள்ளை. குளக்கட்டிலை அப்பான்ரை பேரை நீலத்திலை எழுதுவமோ, பச்சையிலை எழுதுவமோ?"

நீலம் என்றேன்.