உன் கணக்குக்குப் போட்ட பல்

பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. போன மாத பைக் பந்தயத்தில், நீ விட்டுப்போன உன் பழைய வண்டியில் இருந்து உன் தங்கை விழுந்துவிட்டாள், காறை எலும்பு முறிந்து கையைத் துணியால் கழுத்தோடு தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். பயப்படாதே, தானாகச் சேர்ந்துவிடும் என்று டாக்டர் சொன்னார். இதை உன் காதில் போடக் கூடாது என்பது உன் அப்பாவின் உத்தரவு. போனில் சொல்லலாம் என்றால் நான் என்ன பேசுகிறேன் என்று பக்கத்திலேயே நிற்பார், அதனால்தான் கடிதம்.

நீ ஆசையாக அனுப்பினாயே கியர் ஆயில் டின்கள், அதில்தான் ஆரம்பம். அது வந்த அன்று உன் அப்பாவைப் பார்த்திருக்க வேண்டும், டின்னைத் துடைத்து ஷெட் அலமாரியில் முன்னால் வைத்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெரியவன் அனுப்பினது என்று காட்டித் தீர்த்தார். சின்னவள் டின்னின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு, அப்பா, இது புதுக் காரோட பின் ஆக்ஸிலுக்கு ஊத்துறது, நம்ம பழைய கியர்பாக்ஸ்ல தண்டைத் தாங்குற வெண்கல வளையத்தை, அந்த புஷ்ஷை அரிச்சுடும், எப்பவும் ஊத்துற சாதா ஆயிலே போதும்ப்பா என்றாள். அவனைவிட உனக்குத் தெரியுமோ என்று கேட்டு அவள் வாயை அடைத்துவிட்டார். பயிற்சி ஓட்டம் முடிந்து வடித்த எண்ணெயில் வெண்கலத்தின் மஞ்சள் துகள் மினுமினுத்தது, அதையும் கிண்ணத்தோடு கொண்டுபோய்க் காட்டினாள். புது ஆயில்னா முதல்ல அப்படித்தான் கழுவி எடுக்கும் என்றார். உன்மேல் தப்பு என்று நான் சொல்லவில்லை, கடையில் இருந்ததில் உசத்தியானதைப் பார்த்து வாங்கியிருப்பாய். ஆனால் வாங்கும் முன் தங்கையிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், ஓட்டுகிறவள் அவள்தானே, கேட்டால் வாயில் இருந்து முத்தா உதிர்ந்துவிடும்?

பெரிய திருப்பத்தில் கியர்பாக்ஸ் பிடித்துக்கொண்டது, பின் சக்கரம் அப்படியே நின்றுவிட்டது, அவள் வண்டிக்கு முன்னால் போய் விழுந்தாள். கையில் இருந்த ஸ்டாப்வாட்ச் எங்கே போயிற்றோ தெரியாது, ஓடினேன். அப்பாவும் ஓடினார். நான் அவளிடம் ஓடினேன், அவர் வண்டியிடம் ஓடினார். அடித் திருகைக் கழற்றி எண்ணெயை விரலில் தொட்டு முகர்ந்து பார்த்துவிட்டு, ஸ்ட்ரெச்சருக்குப் பக்கத்தில் வந்து நின்றார். மன்னிச்சுக்கம்மா என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். ஆயில் விஷயத்த அவன்கிட்ட சொல்லிடாதீங்க, மனசு கஷ்டப்படுவான் என்றார். வலியில் கிடந்த பெண் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் அழுதிருந்தால்கூட எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது, முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

எண்ணெயோடு போயிருந்தால் தெரியாமல் நடந்தது என்று விட்டிருப்பேன். செயினை இழுக்கும் அந்தச் சின்னப் பல்சக்கரத்தை, அந்த ஸ்ப்ராக்கெட்டை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. நீ அந்தத் திருப்பத்தை வேகம் குறைக்காமல் எடுப்பாய் என்று அதில் ஒரு பல் கூட்டிப் போட்டது உனக்கு ஞாபகம் இருக்கும். அவள் அப்படி ஓட்டுகிறவள் இல்லை, குறைத்து உள்ளே போய், வெளியே வரும்போதுதான் முறுக்குவாள். அவளுக்கு ஒரு பல் குறைய வேண்டும், இல்லாவிட்டால் நேர் பாதை முடிகிறவரை எஞ்சின் முக்கிக்கொண்டே போகிறது, டாப் கியர் இருந்தும் இல்லாத மாதிரிதான். கேட்டுக் கேட்டு அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். அதை மாற்றக் கிளட்ச்சையே கழற்ற வேண்டும், அவன் வந்தா திரும்பவும் எல்லாத்தையும் பிரிக்கணும், இருக்கட்டும் என்பார். சொந்தப் பல் ஆடுகிறது, டாக்டரிடம் காட்டுங்கள் என்றால் காது கேட்காது, உன் பல்லை மட்டும் யாரும் தொடக் கூடாது. லேத்காரர் புது புஷ் கடைந்து கொடுத்த பிறகாவது புத்தி வரும் என்று பார்த்தேன். சாதா ஆயில்தான் ஊற்றினார், அது வரைக்கும் சரி. ஸ்ப்ராக்கெட் மட்டும் பழையபடி உன்னுடையதுதான்.

ஒவ்வொரு வருஷமும் போனில் அடுத்த சீசனுக்கு வந்துடறேன்பா என்கிறாய். நீ வரமாட்டாய் என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். உனக்கு அங்கே வேலை இருக்கிறது, குடும்பம் இருக்கிறது, வராதது குற்றம் இல்லை. வருகிறேன் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருப்பதுதான் குற்றம். உன் நல்ல பெயருக்காக நீ சொல்லும் அந்த ஒரு வார்த்தையைச் சுமந்துகொண்டு என் பெண் ஓட்டுகிறாள். அப்பாவைக் கூப்பிட்டு, நான் இனி ஓட்ட வரலைப்பா என்று நேராகச் சொல். அவர் உடைந்துதான் போவார். போகட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன்.

நேற்று அவர் முடிவெட்டப் போயிருந்த நேரத்தில் நாங்கள் இருவரும் ஷெட்டைத் திறந்தோம். சின்னவள் ஸ்டூலில் உட்கார்ந்து, இந்த நட்டும்மா, மெதுவா, அது எதிர்ப்பக்கம் திரும்பும் என்று வாயால் சொன்னாள், நான் கையால் செய்தேன். ஆணியில் தூசி படிந்து தொங்கிய ஒரு பல் குறைந்த ஸ்ப்ராக்கெட்டைப் போட்டோம். கிளட்ச்சைப் பூட்டும்போது அப்பா வந்துவிட்டார். பார்த்தார். கத்துவார் என்று நான் தயாராக நின்றேன். தரையில் கிடந்த உன் ஸ்ப்ராக்கெட்டை எடுத்துத் துணியால் துடைத்து என் கையில் கொடுத்து, இத தூக்கிப் போட்டுடாத, அவன் வந்தா வேணும் என்றார்.

நல்லபடியாக இரு, உன் பிள்ளைகளுக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும், குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே. தங்கையிடம் எலும்பைப் பற்றி விசாரி, எண்ணெயைப் பற்றி ஒன்றும் பேசாதே. அப்பா சொன்னபடி நான் அதைத் தூக்கிப் போடவில்லை. இந்தக் கடிதத்தோடு வரும் கனமான பொட்டலம் அதுதான், நீயே வைத்துக்கொள்.

உன்
அம்மா