கால் திருப்புப் பூட்டு

7 பிப்ரவரி 2005, திங்கள். சோஃபியா அந்திபொலிஸ், தென் பிரான்ஸ்

இன்று காலை, ஐரோப்பியத் தொலைத்தொடர்புத் தரநிர்ணயக் குழுவில் நான் வாயே திறக்காமல் உட்கார்ந்திருக்கும்போது, ஸ்வீடன் நிறுவனத்தின் திருகு மூடி வரைவுத் தரத்துக்குள் போய்விட்டது. கால் சுற்று திருப்பினாலே பூட்டிக்கொள்ளும் என் மூடி, என் கால் திருப்புப் பூட்டு, வெளியே.

அலைபேசிக் கோபுரத்தில் ஆன்டெனாவும் கேபிளும் சேரும் இடத்துக்கு மழை புகாத மூடி, விஷயம் அவ்வளவுதான். ஆனால் வெள்ளிக்கிழமை முழுக்கூட்டம் எதை எழுதிக்கொள்கிறதோ, அதைத்தான் எல்லா நாட்டிலும் வாங்குவார்கள். எங்கள் ஊர் ஒயோனாவில் என் பிளாஸ்டிக் பட்டறை அச்சுகள் பூட்டை மட்டுமே வார்க்கும்.

தலைவி துலிக்கி, ஃபின்லாந்துக்காரி, "யாருக்காவது மறுப்பு இருக்கா?" என்றாள். நான் பேசவில்லை. சந்தையில் முதலில் வாய் திறக்கிறவன் தோற்பான். அதை வைத்துத்தான் இத்தனை வருஷம் பிழைத்தேன். வாக்கெடுப்பு வரட்டும் என்றிருந்தேன். அவள் மரச்சுத்தியலைத் தட்டினாள். "மறுப்பு இல்ல. ஏத்துக்கிட்டாச்சு. அடுத்தது."

வாக்கெடுப்பே கிடையாதாம். இங்கே சும்மா இருந்தால் சம்மதம்!

பட்டறையில் இருக்கும் என் கணவர் ரெமியிடம் போனில் சொன்னேன். "ஊரையே பேசிக் கவுக்கிறவ நீ. அங்க போயா ஊமையான, ஒடீல்?"

8 பிப்ரவரி

கோபம் இறங்கி வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிட்டேன். வெளியே ஒருவர் வாடிக்கையாளரை இன்னொருவர் பிடுங்கிக்கொள்கிறவர்கள், உள்ளே ஒரே வாக்கியத்தைச் சேர்ந்து செதுக்குகிறார்கள். எதற்கு? — எல்லோர் பொருளும் ஒன்றோடொன்று பொருந்தினால் வாங்குகிறவனுக்குப் பயம் போகும். முதலில் சந்தையைப் பெரிதாக்கு, அப்புறம் அடித்துக்கொள். இது எனக்கு ஏன் தோன்றவில்லை?

காபி வரிசையில் துலிக்கியைப் பிடித்தேன். அவள் சொன்னாள்: "முடிவைத் திரும்பப் பேச எடுக்கலாம், மதாம். ஆனா புதுசா ஒரு தாள் எழுதிக் கொடுக்கணும். ஒரு கம்பெனி மட்டும் கையெழுத்துப் போட்டா அதை விளம்பரம்னு படிப்பாங்க. ரெண்டு போட்டியாளருங்க சேர்ந்து போட்டா யோசனைனு படிப்பாங்க."

9 பிப்ரவரி

இத்தாலிக்காரரும் ஸ்பெயின்காரரும் காபி வாங்கிக் கொடுத்தார்கள். கையெழுத்து? ம்ஹும்.

10 பிப்ரவரி

ஜெயித்தவனையே கேட்டால் என்ன?

மதியச் சாப்பாட்டில் ஸ்வீடன்காரர் டோர்கெலின் எதிரே உட்கார்ந்தேன். சமையற்கட்டிலிருந்து இரவல் வாங்கிய அடுப்புக் கையுறையையும் ஒரு மாதிரிக் கேபிள் முனையையும் நீட்டி, "இதைப் போட்டுக்கிட்டு உங்க மூடியை மாட்டிக் காட்டுங்க" என்றேன்.

"நான் என்ன, கேக் சுட வந்தவனா?"

"உங்க ஊர்க் குளிர்ல கோபுரம் ஏறுறவன் வெறுங்கையோடயா ஏறுறான்?"

மாட்டினார். திருகுப் புரி கோணலாக ஏறியது, கழற்றினார், மறுபடி கோணல். மூடி வழுக்கி அவருடைய பருப்புத் தட்டிலேயே விழுந்தது. அடுத்து என்னுடையதைக் கொடுத்தேன். கால் சுற்று. க்ளக்.

அவர் பேசவில்லை. நானும் பேசவில்லை — இது எனக்குப் பழகிய மௌனம்.

கடைசியில் அவர்தான் வாய் திறந்தார். "மேல ஏறுற எங்க ஆளுங்க என் வம்சத்தையே திட்டுறாங்க, மதாம். ஆனா உங்க பூட்டு பெருமழைக்கு ஒழுகும். எங்க ரப்பர் வளையம் ஒழுகாது."

ஒழுகும்தான். எனக்குத் தெரியாதா?

"நாங்க விக்கிறது ஆன்டெனா. மூடியைப் பத்துப் பேர் செஞ்சா எங்களுக்கு லாபம்தான். உங்க பூட்டு, எங்க வளையம்னு சேர்த்து எழுதுவோம். ஆனா இங்க வழக்கம், யார் கேட்டாலும் அதைச் செய்ய உரிமம் தரணும். எல்லாருக்கும் ஒரே விலை."

"எங்க தெரு பெரோனுக்குமா?"

"யாரு அவரு?"

"என் பூட்டைக் காப்பியடிச்சு மாட்டிக்கிட்டவன்!"

"அவருக்கும்தான்."

பெரோனுக்கா? வழக்குப் போட்டு அவனை நிறுத்தினவளே நான். அவனுக்கு நானே திறந்துவிடுவதா! — பூட்டி வைத்தால் தனியாக நான் மட்டும் செய்யலாம். யாரும் வாங்காத மூடியை.

ரெமி போனில் சொன்னார்: "அவன் அச்சு வெட்டி முடிக்கிறதுக்குள்ள நம்ம மூடி பாதி ஐரோப்பா ஏறிடும். போடு கையெழுத்த."

11 பிப்ரவரி, வெள்ளி

இரண்டு கையெழுத்தோடு தாள் போனது. துலிக்கி கேட்டாள்: "மறுப்பு இருக்கா?" நாற்காலி கிறீச்சிட்ட சத்தம்கூட எனக்கு மறுப்பாகக் கேட்டது. யாரும் பேசவில்லை. சுத்தியல் விழுந்தது.

எழுதிக் கொடுத்த விதி: டோர்கெலும் நாங்களும் ஒருவருக்கொருவர் எதுவும் தரவேண்டாம், மற்றபடி கேட்கிற எவருக்கும் உரிமம் உண்டு, ஒரு மூடிக்கு அரை சென்ட் கட்டணம், பெரியவன் சின்னவன் என்றில்லாமல் ஒரே விலை. பெரோனுக்கும் அரை சென்ட்.