என் பல்லும் எங்கள் சம்ப் தண்ணீரும்

ஆவணி 10, செவ்வாய்

குடியிருப்போர் கூட்டத்தில் இன்று எனக்கும் இரண்டாம் மாடி பல் டாக்டரம்மாவுக்கும் மோதல். பிள்ளைகளுக்குச் சொத்தைப்பல் அதிகமாகிவிட்டதாம். சொத்தை வராமலிருக்க, வெளிநாடுகளில் செய்வதுபோல நம் சம்ப் தொட்டித் தண்ணீரிலும் ஃப்ளோரைடு கலக்கலாம் என்றார். கலந்துவிட்டால் வேண்டாம் என்பவன் எங்கே போவான்? நான் எட்டாவதோடு நின்றவன்தான். ஆனால் இதை நூலகத்தில் உட்கார்ந்து தேடித் தேடிப் படித்திருக்கிறேன்.

எழுந்து நின்று வாயைத் திறந்து காட்டினேன். "பாருங்க, இந்தப் பழுப்பு எங்க தர்மபுரிக் கிணத்துத் தண்ணி குடுத்தது. அதுல இருந்த ஃப்ளோரைடு."

கீழ்வீட்டு பாஷா பாய் விடவில்லை. "இன்னா மாமா, வெத்தல போட்ட கறைய தண்ணி மேல போடுறியே!"

முப்பது வருடமாக இதே கேலி. நான் வெற்றிலையைத் தொட்டதே இல்லை.

டாக்டரம்மா செல்போன் வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தார். "இது ஃப்ளோரைடு கறையேதான், பாய்." பாய் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "ஆனா சார், இந்த வயசுல ஒரு சொத்தைகூட இல்லையே. என் கட்சிக்கும் நீங்கதான் சாட்சி!"

கூட்டமே சிரித்தது. கல்யாணப் போட்டோவில்கூட உதட்டை மூடிக்கொண்டு நின்ற நான், அத்தனை பேர் முன்னால் பல் தெரியச் சிரித்துவிட்டேன்.

முதலில் தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்புவதாக முடிவு. அறிக்கை எப்படி வந்தாலும் நான் சம்மதிக்கப் போவதில்லை. சம்ப் மூடிக்குப் பூட்டுப் போட்டாயிற்று. சாவி என் தலையணைக்கடியில் இருக்கிறது.