மனுவில் சாரோட கையெழுத்து

செவ்வாய், ராத்திரி.

பத்து வருசமா பாளையங்கோட்டையில அந்தத் தெருமுக்குலதான் கொய்யாப்பழம் விக்கேன். மாநகராட்சி கொடுத்த அட்டையும் இருக்கு. இன்னைக்கு வந்த அதிகாரி அதைப் பார்க்கக்கூட இல்ல. "போக்குவரத்துக்கு இடைஞ்சல்னு தெருக்காரங்க மனு கொடுத்திருக்காங்கம்மா, வண்டிய எடு"ன்னு தாளை நீட்டினார். முதல் கையெழுத்து வாத்தியார் சாரோடது. தினமும் பைக்கை நடுரோட்டுல நிறுத்தி அரைக்கிலோ வாங்குத மனுசன்!

தள்ளுவண்டியை சந்துக்குள்ள கொண்டு போனேன். சாயங்காலம் வரை ஒரு ஆள் எட்டிப் பார்க்கல. கடைசியில வந்தது சார்தான்.

"ஏம்மா, இங்கன வந்துட்ட? உன்னைத் தேடி அலையுதேன்."

கேட்டுரணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. "அங்கன நிக்க விடல சார்"னு மட்டும் சொன்னேன்.

"பாவம்"னார்.

அந்த மனுசனுக்குப் போய் நல்ல பழமா ஏன் பொறுக்கிப் போட்டேன்னுதான் ஆத்திரம் ஆத்திரமா வருது.